வசந்தகாலக் களப்பயணமும் பூர்வகுடியினரின் இயற்கை அறிவும்: வான்கூவர் தீவை முன்வைத்து ஒரு விளக்கம்

கனடாவின் மேற்குக் கரையில் அமைந்துள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், வசந்தகாலத்தில் பள்ளி மாணவர்களைக் காட்டிற்கும் புல்வெளிக்கும் அழைத்துச் சென்று பூர்வகுடியினரின் இயற்கை அறிவை அறிமுகப்படுத்தும் வழக்கம் உள்ளது. அப்பயணங்கள் எதனைக் கற்பிக்க வல்லன என்பதனை வான்கூவர் தீவின் தென்பகுதியை முன்வைத்து இங்கு விளக்க முற்படுகின்றோம்.

பருவத்தைக் குறித்து முதலில் ஒன்று கூற வேண்டியுள்ளது. நாம் வழங்கும் இளவேனில் என்னும் சொல் சித்திரை, வைகாசித் திங்களுக்குரியது. அச்சொல்லிலேயே வெம்மை உண்டு. அக்கரையில் வசந்தமோ மழையோடும் குளிரோடும் மார்ச்சு மாதத்தில் தொடங்குகின்றது. திங்களின் ஓட்டத்தோடு, ஓர் உயிர் மற்றோர் உயிரைப் பற்றித் தரும் குறிப்பையும் கொண்டு மக்கள் அதனை அறிந்தனர். சால்மன்பெர்ரிச் செடி மலரும் வேளையில் ஓசனிச்சிட்டு தெற்கிலிருந்து வந்து சேரும். பின்னர் ஸ்வைன்சன் த்ரஷ் என்னும் பறவை பாடத் தொடங்கினால் பழங்கள் கனியும். அப்பாட்டே அவற்றைக் கனியச் செய்கின்றது என்பது கரையோர மக்கள் பலரின் மரபு.

ஏப்ரல், மே மாதங்களில் கேரி ஓக் மரங்களின் அடியில் நீல மலர்களுடன் பூக்கும் காமாஸ் என்னும் கிழங்குச் செடியே இப்பயணங்களில் சிறப்பிடம் பெறத்தக்கது எனலாம். லெக்வங்கன், சானிச் மக்களுக்கு இது முதன்மையான உணவுகளுள் ஒன்றாகும். இதன் அருகிலேயே நச்சுக் காமாஸும் வளர்கின்றது. கிழங்குகளை மட்டும் கண்டால் வேறுபாடு எளிதில் விளங்காது. நச்சுச் செடியின் பூ வெளிர்மஞ்சள் நிறமுடையது. ஆதலின் பூக்கும் காலத்திலேயே அதனை இனங்கண்டு களைந்தனர். பெரிய கிழங்குகளை அகழ்ந்தெடுத்து, சிறியவற்றை மீண்டும் மண்ணில் புதைத்தனர். புல்வெளிக்கு உரிய காலத்தில் தீயிட்டுப் புதர்கள் மண்டாமல் காத்தனர். கிழங்கிலுள்ள இனுலின் எளிதில் செரிக்காது. குழியடுப்பில் ஒரு நாளோ அதற்கு மேலோ வேகவைத்தால் அது இனிப்பாக மாறும்.

1843ஆம் ஆண்டில் விக்டோரியாக் கோட்டையை நிறுவிய ஆங்கிலேயர் இப்புல்வெளிகளை இயற்கையாக அமைந்த பூங்காவென்றே எண்ணினர். உண்மையில் அவை தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட விளைநிலங்கள். இன்று அவற்றுள் நூற்றுக்கு ஐந்து விழுக்காட்டிற்கும் குறைவானவையே பழைய நிலையை ஒத்துள்ளன. மாணவர் ஒருவர் இவ்வோர் உண்மையை உணர்ந்து திரும்பினாலும் அப்பயணம் பயனுடையதே என்பது எம் கருத்து.

செந்தேவதாருவின் பட்டையும் மரச்சாறு ஏறும் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலுமே உரிக்கப்படுகின்றது. மரத்திற்கு நன்றி கூறி, ஒரு பக்கத்தில் குறுகிய பட்டையை மட்டும் எடுப்பர். மரம் தொடர்ந்து வாழும். அவ்வடு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தெரியும். அதனை மாணவர்கள் தொட்டுப் பார்ப்பது வெறும் தாவரவியல் பாடமன்று. 1846ஆம் ஆண்டிற்கு முற்பட்ட வடுமரங்களுக்கு இன்று மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மியர்ஸ் தீவில் மரம் வெட்டுவதனை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985ஆம் ஆண்டில் தடுத்து நிறுத்திய வழக்கில், அம்மரங்கள் பூர்வகுடியினரின் பயன்பாட்டிற்குச் சான்றாக நின்றன.

பள்ளி என்னும் அமைப்பு இவ்வறிவை அழிக்க முற்பட்ட வரலாற்றையும் மறத்தலாகாது. ஏறத்தாழ 150,000 பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். பலர் குடும்பத்தினின்று வலிந்து பிரிக்கப்பட்டவர்கள். காமாஸ் அகழும் பருவத்தில் பாட்டியின் அருகில் இருக்க வேண்டிய குழந்தை வகுப்பறையில் அடைபட்டிருந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ஆம் ஆண்டில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. 2023-2024ஆம் கல்வியாண்டு முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேனிலைப் பள்ளிக் கல்வியை நிறைவுசெய்யப் பூர்வகுடியினரைப் பற்றிய பாடம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஆயினும், செடியின் பெயரையும் அதன் பயனையும் ஏட்டில் குறித்துக்கொண்டு திரும்பும் பயணத்தை நாம் போதுமானதாகக் கருதவில்லை. சில அறிவு உரியவரின் இசைவோடு மட்டுமே பகிரத்தக்கது என்பது அம்மாநிலப் பூர்வகுடியினர் வகுத்துள்ள கற்றல் நெறிகளுள் ஒன்று. எனவே, எந்நிலத்தில் நடக்கின்றோமோ அந்நிலத்து மூத்தோரை முதலில் அணுகிக் கேட்பதே முறை. அவர் சொல்லாது விடுவதனைக் கேளாது விடுவதும் அம்முறையின் பாற்பட்டதே.

புல்வெளியில் மாணவர்கள் கிழங்கை அகழ்வதினும் ஸ்காட்ச் புரூம் என்னும் மஞ்சள் பூப்புதரைப் பிடுங்குவதே பொருத்தமான பணியாகும். 1850ஆம் ஆண்டளவில் குடியேறி ஒருவர் சூக் என்னுமிடத்தில் விதைத்த இப்புதர் காமாஸ் நிலங்களை மூடி வளர்ந்துள்ளது. இதன் விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிர்ப்புடன் கிடப்பதால், அடுத்த வசந்தத்தில் வரும் வகுப்பும் அதே இடத்தில் மீண்டும் பிடுங்க வேண்டியுள்ளது.