பழைய தாளத்தில் இரண்டு புதிய குரல்கள்

ரெகே என்றதும் பாப் மார்லியோடு நிறுத்திக்கொள்ளும் நண்பர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பாடல் ஒன்று உண்டு. பெயர் ‘அப்டவுன் டாப் ரேங்கிங்’. பாடியவர்கள் ஜமைக்காவைச் சேர்ந்த அல்தியா ஃபாரஸ்ட், டோனா ரீட். அப்போது அவர்களுக்கு வயது 17, 18. நம் தொடக்கக் கல்லூரி மாணவர்களின் வயதுதான்.

1977ல் வெளிவந்த இதுவே அவர்களின் முதல் பாடல். பிபிசி வானொலியில் ஜான் பீல் அதை ஒலிபரப்பினார். 1978 பிப்ரவரித் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தரவரிசையில் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பு ஒன்பது வாரங்கள் அந்த இடத்தில் அசையாமல் இருந்தது யார் தெரியுமா? பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியின் ‘விங்ஸ்’ குழு!

இதை வெறும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பாடல் உருவான விதம்தான் என்னை அதிகம் ஈர்த்தது.

ஜமைக்காவில் ‘ரிடிம்’ என்று ஒன்று உண்டு. பாடகரின் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற டிரம்ஸ், பேஸ் கிட்டார் தாளக்கட்டு அது. அங்கே இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாடல் இருக்கும். மறுபக்கத்தில் பெரும்பாலும் குரல் இல்லாத இசை மட்டும் இருக்கும். தெருவோர நடன நிகழ்ச்சிகளில் பெரிய ஒலிபெருக்கிகளில் அதை ஓடவிட்டு, அதன்மேல் தாளத்தோடு பேசுவார்கள். அப்படிப் பேசுகிறவரைத்தான் ஜமைக்காவில் ‘டிஜே’ என்பார்கள். நாம் டிஜே என்று அழைக்கிற, இசைத்தட்டைச் சுழற்றுகிறவருக்கு அங்கே வேறு பெயர்: ‘செலக்டர்’.

1967ல் ஆல்டன் எல்லிஸ் ‘ஐ’ம் ஸ்டில் இன் லவ்’ என்ற காதல் பாடலைப் பாடினார். பத்தாண்டு கழித்துத் தயாரிப்பாளர் ஜோ கிப்ஸ், ஒலிப்பதிவாளர் எரோல் தாம்சன் இருவரும் அதே தாளக்கட்டைப் புதிதாக வாசிக்கச் செய்து மார்சியா எயிட்கனைப் பாடவைத்தார்கள். பிறகு அதே இசையின்மேல் டிரினிட்டி என்ற டிஜே, கோட்டும் சூட்டுமாகத் தான் வலம்வரும் மிடுக்கைப் பேசி ‘த்ரீ பீஸ் சூட்’ என்ற பாடலை வெளியிட்டார். ஆண் பெருமை அடித்தால் பெண் சும்மா இருப்பாளா? அல்தியாவும் டோனாவும் அதே இசையில் பதில் கொடுத்தார்கள். குதிகால் உயர்ந்த காலணியோடு நாங்களும் நடப்போம், கிங்ஸ்டனின் வசதியான கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் பக்கம் பென்ஸ் காரில் போவோம், ஆனாலும் எங்கள் வேர் மாறாது என்கிற குறும்பு அதில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் பாட்டிலேயே பதில் சொல்வதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர்கள் பாடியது ஜமைக்கத் தெருமொழியான பாட்வாவில். ஆங்கிலச் சொற்கள் நிறைய இருந்தாலும் லண்டன்காரர்களுக்கே பாதி புரிந்திருக்காது. வெளிநாட்டில் ஓடவேண்டும் என்று யாரும் அதைப் ‘பள்ளிக்கூட ஆங்கிலமாக’ திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அந்தத் துடுக்குத்தனம் போயிருக்கும் என்பது என் எண்ணம். வீட்டில் பேசும் தமிழை மேடைக்கு ஏறும்போது ஒளித்துவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

அதே 1978ல் இருவரின் இசைத்தொகுப்பும் வந்தது. ஆனால் இரண்டாவது வெற்றிப் பாடல் அமையவில்லை. ‘ஒரே பாட்டுக்காரர்கள்’ என்று அவர்களைச் சற்று ஏளனமாகக் குறிப்பிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஒரு பாட்டை எத்தனையோ பேரால் தர முடியவில்லையே!

என்னை உறுத்துவது வேறு. ஒருவரின் தாளக்கட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவது அன்று ஜமைக்காவில் அன்றாட வழக்கம். அந்த வழக்கம் இல்லையென்றால் இந்தப் பாடலே பிறந்திருக்காது. ஆனால் முதலில் அதை உருவாக்கியவருக்கு என்ன கிடைத்தது? ஜமைக்கா தனக்கென்று புதிய காப்புரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1993ல்தான். இணையத்தில் கிடைக்கும் ‘பீட்’டைப் பதிவிறக்கி, படுக்கையறையில் ராப் பதிவு செய்யும் இளையர்களை எனக்குத் தெரியும். அந்த பீட் யாருடையது என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை.

எல்லிஸ் 2008ல் லண்டனில் காலமானார். அவருடைய பாடலை உங்களில் சிலர் அறியாமலேயே கேட்டிருப்பீர்கள்: ஷான் பாலின் ‘டட்டி ராக்’ தொகுப்பில், சாஷாவுடன் அவர் பாடும் காதல் பாடல் அதுதான். நேரம் கிடைத்தால் எல்லிஸ், டிரினிட்டி, அல்தியா–டோனா, ஷான் பால் என்ற வரிசையில் நான்கையும் கேளுங்கள். சொற்களை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள்.