தரையைக் காப்பாற்றிய மூடி

உங்கள் தம்பியோ தங்கையோ தாஸ்காவுக்குப் போகிறார்களா? அப்படியானால் வீட்டுச் சமையலறையில் மூக்கு வைத்த மூடிக் குவளை ஒன்று இருக்கும். அதில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடியுங்கள். வால்வு உள்ள குவளை என்றால் ஒரு சொட்டும் விழாது.

மூடியின் அடியில் சிலிக்கோன் வால்வு ஒன்று இருக்கிறது. அதன் நடுவே மெல்லிய கீறல். தண்ணீரின் எடை மட்டும் அந்தக் கீறலைத் திறக்கப் போதாது. குழந்தை உறிஞ்சும்போது அதன் வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. குவளைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் அதைவிட அதிகமாக இருப்பதால், கீறல் திறந்து தண்ணீர் வெளியே வருகிறது. இரண்டாம் படிவத்தில் 'தெக்கானான்' என்று படிக்கிறீர்களே, அதுதான் இது. குறையும் தண்ணீருக்கு ஈடாக இன்னொரு துளை வழியே வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் பயனில்லை.

இந்தக் குவளை பிறந்த கதை சுவையானது. 1980களில் ரிச்சர்ட் பெலாஞ்சர் என்ற அமெரிக்க இயந்திரவியல் பொறியாளருக்கு ஒரு தொல்லை. அவருடைய சின்ன மகன் நடந்த இடமெல்லாம் பழச்சாறு சிந்திக் கிடந்தது. துடைத்து அலுத்துப்போனவர், சிந்தாத குவளையை வடிவமைத்துக் காப்புரிமையும் பெற்றார். கவனித்தீர்களா? தீர்ந்தது அப்பாவின் பிரச்சினை. குழந்தையின் வாய்க்கு எது நல்லது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

அந்தக் கேள்வியை நாம் கேட்போம். ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்து, மெதுவாக விழுங்குங்கள். விழுங்கும் நொடியில் நாக்கின் நுனி எங்கே இருக்கிறது? மேல் முன்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொட்டிருக்கும். இப்போது நாக்கை உதடுகளுக்கு இடையே நீட்டிக்கொண்டு விழுங்கிப் பாருங்கள். தடுமாறுகிறது அல்லவா? பால் குடிக்கும் கைக்குழந்தை ஏறக்குறைய அப்படித்தான் விழுங்குகிறது. அதன் நாக்கு முன்னும் பின்னுமாக நகரும். தாடையும் கூடவே அசையும். உங்களைப் போல விழுங்க, அது மெல்ல மெல்லப் பழக வேண்டும்.

திறந்த குவளை அதற்கு ஒரு பயிற்சிக்களம். கீழுதடு விளிம்பைத் தாங்க வேண்டும், தாடை ஆடாமல் நிற்க வேண்டும், மேலுதடு இறங்கி வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நாக்கு உள்ளே அடங்க வேண்டும். கண் மட்டத்தைப் பார்க்கிறது, கை சாய்வை அளக்கிறது. வேகமாகச் சாய்த்தால் சட்டை நனையும். அடுத்த முறை கை தானாகவே நிதானிக்கும். மூக்கு வைத்த குவளையிலோ, நாக்கின் நுனி எழும்ப வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் மூக்கு உட்கார்ந்திருக்கிறது. எப்படிச் சாய்த்தாலும் சட்டை நனைவதில்லை. தவறினாலும் தவறு தெரியாத ஆசிரியர் அது.

மூடிக் குவளையால் பேச்சு தாமதமாகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. பல்லின் கதை வேறு. வாயில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. வாயின் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். அரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ விட்டால் உமிழ்நீர் நிலைமையைச் சரிசெய்துவிடும். ஆனால் மைலோ நிரப்பிய குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உறிஞ்சும் குழந்தையின் வாய்க்கு அந்த அரை மணி நேரம் கிடைப்பதே இல்லை. 2015இல் நம் நாட்டில் நடந்த பாலர் பல் ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. எல்லாப் பழியையும் குவளை மீது போட முடியாது. இருந்தாலும் சிந்தாது என்பதற்காகவே நாள் முழுக்கக் கையில் கொடுக்கப்படும் இனிப்புப் பானம், பல்லுக்கு மோசமான ஏற்பாடுதான்.

வால்வு வருவதற்கு முன் நம் மலாக்காவில் என்ன செய்தார்கள்? 1896இல் தான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக ரப்பர் பயிர் தொடங்கியது அங்கேதான். தோட்டங்கள் பெருகின, நம் முன்னோர் வந்தார்கள். இருட்டோடு பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். அங்கே வால்வு ஏது? இன்னும் சின்னக் குழந்தை என்றால் வீட்டில் சங்கு இருந்தது. பாட்டியிடம் கேளுங்கள், 'பாலாடை' என்றும் சொல்வார். மூடியில்லாத, நீண்ட மூக்குள்ள சிறு கிண்ணம் அது. உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு இந்திய மருத்துவமனைகளில் இன்றும் அதில் பால் புகட்டுகிறார்கள். பழையது என்பதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. அழுகிற குழந்தையின் வாயில் சங்கைச் சாய்த்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குழந்தை தானாகப் பருகும் வேகத்துக்குக் காத்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காத்திருக்க ஆள் வேண்டுமே! இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பல தாய்மார்கள் தோட்டத்துக்குப் போவதில்லை. பத்து பெரண்டாமில் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் தாஸ்காவில். 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது கணக்கு. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திறந்த குவளையைக் கவிழ்த்தால் அந்த அக்காவின் நிலை என்ன? மூடிக் குவளையை நீட்டுகிற பராமரிப்பாளரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஐவருக்கும் ஒரே நாளில் தொடங்காமல், காலைப் பசியாறல் வேளையில் ஒருவர் இருவராகத் தொடங்கலாம். ஆளுக்கொரு குவளை, அதில் அவரவர் அடையாளம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கை, கால், வாய்ப்புண் நோய் எச்சில் வழியாகவும் பரவும்.

திட உணவு தொடங்கும் ஆறு மாத வாக்கிலேயே குவளையைப் பழக்கலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. பால் புட்டியை ஒன்றரை வயதுக்குள் நிறுத்திவிட வேண்டுமாம். விழுங்குவதில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லும் குவளைதான் சரி.

எந்தக் குவளையில் தொடங்குவது? இங்கே கொஞ்சம் வடிவியல். உயரமான டம்ளரின் அடியில் விரற்கடை அளவு தண்ணீர் இருந்தால், அது உதட்டை எட்ட டம்ளரைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். குழந்தையின் தலையும் பின்னால் சாயும். தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து புரையேறும். குட்டையான குவளையில் சிறு சாய்வே போதும். இருமல் மருந்தோடு வரும் அளவுக் குவளை இதற்கு அருமையானது. நீர் மோரோ, சற்றுத் தளர்ந்த கூழோ தண்ணீரைவிட மெதுவாக ஓடும். நாக்குக்கு அவகாசம் கிடைக்கும்.

உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். நடக்கும்போது கோப்பையில் உள்ள காப்பி ஏன் சிந்துகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு 2012இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. நம் நடையின் தாளமும் திரவம் தளும்பும் தாளமும் நெருங்கி வருவதால், ஆட்டம் அடிக்கு அடி பெருகுகிறது. தள்ளாடி நடக்கும் பிள்ளைக்குச் சிந்துவதைவிடப் பெரிய ஆபத்து விழுவது. வாயில் புட்டியோ மூடிக் குவளையோ இருக்கும்போது விழுந்து வாயைக் கிழித்துக்கொண்ட பிள்ளைகள் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் ஏராளம்.

மூடிக் குவளை வீட்டில் இருந்தால் இன்றைக்கே வால்வைக் கழற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம். இதே காரணத்துக்காக 2016இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 30 இலட்சத்துக்கும் அதிகமான குவளைகள் திரும்பப் பெறப்பட்டன.

பள்ளி விடுமுறையில் செய்ய ஓர் ஆய்வு. சமையலறைத் தராசில் உலர்ந்த துண்டு ஒன்றை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தம்பியின் கழுத்தில் கட்டி, 30 மில்லிலீட்டர் தண்ணீரைச் சிறு குவளையில் கொடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். குடித்து முடித்ததும், மேசையில் சிந்தியதையும் அதே துண்டால் துடைத்து மறுபடி நிறுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் சிந்திய ஒரு மில்லிலீட்டர். பத்து நாள் அளந்து வரைபடம் போடுங்கள். கோடு நேராக இறங்காது. சில நாள் திடீரென்று ஏறும். அன்றைக்குத் தம்பிக்குப் பல் முளைத்ததா, தூக்கக் கலக்கமா, பூனை எதுவும் குறுக்கே போனதா என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.