உங்களுக்குத் தெரியுமா? கண்நோய்க்கு பிளம்பர்!

பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா தொற்று, மற்ற பணக்கார நாடுகளில் ஒழிந்த பிறகும் ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளை விடவில்லை. ஒரே துண்டு, நெரிசலான படுக்கை, கழுவாத முகம். கிருமிக்கு இவை போதும். முகம் கழுவச் சொல்வது சுலபம், குழாயில் தண்ணீர் வரவேண்டுமே!

1985இல், பார்வையற்ற பழங்குடித் தலைவர் யாமி லெஸ்டர், ஒரு மருத்துவர், ஒரு கட்டடக்கலைஞர், ஒரு சுற்றுச்சூழல் சுகாதாரப் பணியாளர் மூவரையும் அழைத்து, மக்கள் நோயில் விழுவதையே தடுக்க வழி கேட்டார். ஒழுகும் குழாய், அடைத்த சாக்கடை, பழுதான ஷவர் என வீடுவீடாகச் சரிசெய்யும் திட்டம் பிறந்தது.

குடியிருப்பவர்களே வீட்டைப் பாழாக்குகிறார்கள் என்பது பழைய வசை. ஆய்ந்த பழுதுகளில் அவர்களால் நேர்ந்தவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பாலானவை பராமரிப்பின்மையால் வந்தவை.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இப்படிச் சீரமைத்த வீடுகளில் வசித்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்ற கிராமப்புறப் பழங்குடியினரைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது.