குசினியில் ஆண்டவரோடு உரையாடிய சகோதரர்

இடம்பெயரும் குடும்பங்கள் இழப்பது வீட்டையும் வயலையும் மட்டுமல்ல. பங்குக் கோயில், மாலையில் செபமாலைக்குக் கூடிய அயலவர், முதற்கதிரை ஒப்புக்கொடுத்த நாள் ஆகியனவும் கூடவே போய்விடுகின்றன. ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் வாழும்போது, தனியாக முழங்காலில் நிற்க ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை. இந்த இரைச்சலில் எப்படிச் செபிப்பது, ஆண்டவரும் எம்மை விட்டுத் தூரப் போய்விட்டாரோ என்ற கேள்விகள் எழுவது இயல்பே.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன்னர் ஒரு மடத்துக் குசினியில் சமைத்த ஒருவருடைய வாழ்க்கை இக்கேள்விகளுக்கு நல்ல பதிலைத் தருகின்றது. சகோதரர் லோறன்ஸ் என்ற பெயரால் உலகம் அவரை அறியும்.

போரைக் கண்டவர்

நிக்கொலா எர்மன் என்பது அவருடைய இயற்பெயர். 1614ஆம் ஆண்டளவில் லொறேன் நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இன்று பிரான்சின் ஒரு பகுதியாக உள்ள லொறேன் அக்காலத்தில் தனிச் சிற்றரசாக இருந்தது. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் அந்நாடு பெரிதும் அழிந்தது. படைகள் மாறி மாறி வந்து விளைச்சலைக் கொள்ளையடித்தன. பஞ்சமும் கொள்ளைநோயும் ஊர்களை வெறுமையாக்கின.

நிக்கொலாவும் படையில் சேர்ந்தார். ஒருமுறை ஜெர்மானியப் படையினர் அவரை ஒற்றர் எனச் சந்தேகித்துப் பிடித்து, தூக்கிலிடப் போவதாக மிரட்டினர். அதிலிருந்து தப்பியவர், பின்னர் 1635இல் சுவீடன் படையினரோடு நடந்த சண்டையில் காயமடைந்து பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பினார். பிற்காலத்தில் கால் ஊனத்தோடேயே அவர் நடமாட வேண்டியிருந்தது.

அவருடைய மனமாற்றம் பதினெட்டு வயதில் நிகழ்ந்தது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். சில காலத்தில் இம்மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணியபோது, இவற்றையெல்லாம் நடத்தும் இறைவனின் வல்லமையும் பராமரிப்பும் அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தன. கோடையில் பட்டதுபோல நின்ற மரம் மாரி மழைக்குத் துளிர்ப்பதைப் பார்த்து வளர்ந்த எமக்கு, இது விளங்காத காரியம் அல்ல.

குசினி வேலை

போருக்குப் பின் அவருக்கு நிலையான வாழ்வு உடனே அமையவில்லை. துறவியாகத் தனித்து வாழ முயன்றார், அது சரிவரவில்லை. ஒரு பெரிய மனிதரின் வீட்டில் ஏவலாளாக இருந்தார். கைப்பட்டதையெல்லாம் உடைத்துவிடும் ஆள் என்று தன்னைப் பற்றித் தானே கூறினார். 1640இல் பாரிஸ் நகரின் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். குருவாகாமல் வேலை செய்யும் சகோதரராகவே ஏற்றுக்கொள்ளப்பட்டு, குசினிக்கு அனுப்பப்பட்டார்.

சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத ஒன்று. ஆயினும் பல ஆண்டுகள் அதனைச் செய்தார். மடத்துக்குத் தேவையான வைன் வாங்கத் தூர இடங்களுக்கும் அனுப்பப்பட்டார். வியாபாரம் தெரியாது, கால் ஊனத்தால் படகில் பீப்பாய்களின் மேல் உருண்டுதான் நகர முடிந்தது. இது உம்முடைய வேலை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அவருடைய செபமுறை இவ்வளவுதான். வேலை தொடங்கும்போது ஆண்டவரிடம் சில வார்த்தைகள் பேசுவார். நடுவில் நினைவு வரும்போதெல்லாம் மீண்டும் பேசுவார். முடிந்ததும் நன்றி சொல்லுவார். தாச்சியில் முட்டையைப் புரட்டிப் போடுவதையும் இறைவன்மீது கொண்ட அன்புக்காகவே செய்தார். நிலத்திற் கிடக்கும் ஒரு வைக்கோல் துரும்பை அந்த அன்புக்காக எடுத்துப் போடுவதும் அவருக்குப் போதுமானதாக இருந்தது. செபநேரம் வேறு, வேலைநேரம் வேறு என்ற பிரிவு அவரிடத்தில் மறைந்து போயிற்று. பலர் ஒரே நேரத்தில் பலதைக் கேட்கும் குசினி இரைச்சலிலும், நற்கருணை முன் முழந்தாளிட்டிருக்கும் அதே அமைதியோடு இறைவனுடன் இருக்க அவரால் முடிந்தது.

வறண்ட ஆண்டுகள்

இந்நிலை இலகுவில் வந்ததென்று எண்ணக்கூடாது. மடத்தில் சேர்ந்த பின் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் அவர் மிகுந்த மனத்துயரில் வாழ்ந்தார். தான் இறைவனால் கைவிடப்பட்டவன், தனக்கு மீட்பே இல்லை என்ற பயம் அவரை வாட்டியது. கடைசியில், ஆறுதல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இருக்கும்வரை இறைவனை நேசித்தே வாழ்வேன் என்று முடிவு செய்தார். அதன் பின்னரே அமைதி வந்தது.

இது எமக்கு முக்கியமான பாடம். ஆண்டவர் அருகில் இருப்பதை உணர முடியாத காலத்திலும் அவரோடுள்ள உறவு அறுந்துபோவதில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் வித்து நெல்லைச் சாப்பிட்டுத் தீர்க்காமல் பத்திரப்படுத்தும் கமக்காரன், நிலத்தின்மேல் வைத்த நம்பிக்கையை விடுவதில்லை. வறண்ட காலத்துச் செபமும் அப்படிப்பட்டதே.

மனம் சிதறிப்போனால் தன்னையே திட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அமைதியாகத் திரும்பி வந்தால் போதும் என்பது அவருடைய அறிவுரை. படைவீரர் ஒருவருக்காக எழுதிய கடிதத்தில், ஆயுதம் ஏந்தி நடக்கும்போதுகூட ஒரு கணம் உள்ளத்தை இறைவனிடம் உயர்த்தலாம் என்று குறிப்பிட்டார்.

பின்னர் அவர் மடத்தாருக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தார். 1691 பெப்ரவரி 12இல் இறந்தார். அவரோடு உரையாடிய குருவானவர் யோசேப் தெ போபோர், அவ்வுரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்கரும் ஏனைய திருச்சபையினரும் இன்றும் அந்நூலைப் படிக்கின்றனர்.

மனக்குறையையும் சொல்லலாம்

இறைவனோடு நெருங்கி வாழ்வதென்றால் நடந்த அநியாயத்தை மறந்து வாய்மூடி இருப்பது என்று சிலர் கருதலாம். திருமறை அப்படிக் கற்பிக்கவில்லை. யோபு இறைவனோடு வாதாடினார். 88ஆம் திருப்பாடல் ஆறுதல் வார்த்தை எதுவுமின்றி இருளிலேயே முடிகின்றது. காணி உறுதியோடு கச்சேரிப் படி ஏறுவதும், காணாமற்போன பிள்ளையைத் தேடுவதும் எமது கடமைகள். அந்தக் கோபத்தையும் கண்ணீரையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லக் கூடியதாக இருப்பதே நெருக்கமான உறவு. நெருங்கியவரிடந்தானே மனக்குறையைச் சொல்லுவோம்?

ஆகவே தண்ணீர்க் குழாயடியில் காத்து நிற்கும்போதும், வேறொருவரின் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் நடும்போதும், பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சும்போதும் ஒரு சொல் போதும். ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை என்று அது பழகிவரும்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது நாளாந்த வேலைகளில் எந்த ஒரு வேலையை ஆண்டவரோடு பேசும் நேரமாக ஆக்கலாம்?

2. ஆண்டவரிடம் இதுவரை சொல்லாமல் மனதுக்குள் அடக்கி வைத்திருக்கும் மனக்குறை என்ன?

3. செபிக்க மனமில்லாமல் சோர்ந்திருக்கும் அயலவருக்கு, அறிவுரை சொல்லாமல் எப்படித் துணையாக இருக்கலாம்?