தேநீரில் ஊறும் பழ ரொட்டி

அயர்லாந்தில் இலையுதிர் காலம் முற்றி, அக்டோபர் 31 ஹாலோவீன் இரவு நெருங்கினால் வீடுகளில் 'பார்ம்பிராக்' மணக்கத் தொடங்கிவிடும். ஐரிஷ் மொழியில் 'புள்ளி விழுந்த ரொட்டி' என்று பொருள். அந்தப் புள்ளிகள் உலர்திராட்சைகள்தான்.

பழைய முறையில் ஈஸ்ட் சேர்ப்பார்கள். வீட்டுக்கு எளிது, தேநீர் முறை. இதன் உயிரே அந்தத் தேநீர்தான். உலர்திராட்சையைப் பழுப்புச் சர்க்கரையோடு, பால் சேர்க்காத கடுந்தேநீரில் முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். விடிந்து பார்த்தால், சுருங்கிக் கிடந்த பழமெல்லாம் உப்பிப் பளபளவென்றிருக்கும். தேநீரில் பெரும்பகுதியைக் குடித்திருக்கும். அதில் மைதா, பேக்கிங் பவுடர், ஒரு முட்டை, பட்டை, ஜாதிக்காய், கிராம்புப் பொடி கலந்து, அவனில் மிதமான சூட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேகவிட வேண்டும். மாவில் வெண்ணெய் வேண்டாம். வெட்டிய துண்டின் மேல் தாராளமாகத் தடவிக்கொள்ளலாம்.

ஹாலோவீன் ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பது வழக்கம். அது யார் துண்டில் வருகிறதோ, அவருக்கு ஓராண்டுக்குள் கல்யாணம் என்பது நம்பிக்கை.

நீங்களும் மோதிரம் வைத்தால், காகிதத்தில் சுற்றி வையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.