நொய்யல் கரையில் செல்லாத நீரோவின் காசு

ரோமாபுரியை நடுங்க வைத்தவன் நீரோ மன்னன். ஆனால், அவன் காசின் மதிப்பு வீழ்ந்ததைச் சொல்லும் சாட்சி ஒன்று திருப்பூர் வட்டார மண்ணுக்குள் கிடந்தது. அந்தச் சாட்சி, வெள்ளிக் காசு!

கல் போனது, காசு வந்தது

காங்கேயத்தை அடுத்த படியூர், பெரில் என்னும் நீலப்பச்சைக் கல்லுக்குப் பேர்போனது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அத்தகைய கற்களை மணிகளாகச் செதுக்கினார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன், ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு இந்தியக் கற்கள் என்றால் உயிர். கல்லும் மிளகும் கப்பல் ஏறின. வெள்ளியும் தங்கமும் வந்து இறங்கின.

16 வயதில் முடி

நீரோ பிறந்தது கி.பி. 37-ல். அவனுடைய தாய் அக்ரிப்பினா, கிளாடியஸ் சக்கரவர்த்தியை மணந்துகொண்டு, தன் மகனைச் சுவீகாரப் பிள்ளையாக ஏற்கச் செய்தாள். 54-ல் கிளாடியஸ் இறந்தார். அவள் விஷம் வைத்தாள் என்று ஊர் பேசியது. 16 வயதுப் பையன் சக்கரவர்த்தி ஆனான்!

ஆசான் செனக்காவின் யோசனைப்படி முதலில் ஆட்சி நன்றாகவே நடந்தது. பிறகு புத்தி கெட்டது. முடி வாங்கிக் கொடுத்த தாயையே 59-ல் கொல்லச் செய்தான். 65-ல் ஆசானையும் சாகும்படி உத்தரவிட்டான்.

காசில் கை வைத்தான்

64-ல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தது. நகரின் 14 வட்டாரங்களில் 4 மட்டுமே தப்பின. அப்போது நீரோ பிடில் வாசித்தான் என்பது கட்டுக்கதை. அந்தக் காலத்தில் பிடிலே கிடையாது! ஆனால், எரிந்த இடத்தில் தனக்குப் பொன்மாளிகை எழுப்பியது உண்மை.

செலவு மலையாகக் குவிந்தது. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்துவந்த நாட்டில், 96 காசு அடிக்கச் செய்தான். செம்பும் கூடுதலாகக் கலந்தது. காசில் மன்னன் முகம் இருந்தது, மதிப்பு இல்லை.

68-ல் படைத்தலைவர்கள் கிளர்ந்தார்கள். செனட் சபை அவனை நாட்டின் எதிரி என்றது. இரவோடு இரவாக ஓடியவன், ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் ஒளிந்து, கழுத்தில் கத்தியைப் பாய்ச்சிக்கொண்டு மாண்டான். வயது 30!

கொங்கு நாட்டுத் தீர்ப்பு

ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியிலும், உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்திலும் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் காசுகள். இருவரும் நீரோவுக்கு முந்தியவர்கள். நீரோ எடை குறைத்து அடித்த வெள்ளிக் காசோ தமிழ்நாட்டில் கிடைப்பதே அபூர்வம். எடையும் தரமும் குறைந்த காசை வணிகர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

இன்று அதே நொய்யல் கரையில் உள்ள திருப்பூர், பனியனைக் கப்பலேற்றி அயல்நாட்டுப் பணம் வாங்குகிறது. வாங்குகிறவன் எவ்வளவு பெரியவன் என்று மட்டும் பாராமல், அவன் காசு தேறுமா என்றும் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல!