ஒரே வீடு, சொல்லப்படாத கணக்கு

வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் மகனோ மகளோ பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ்வது கண்டியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ஒரு குறையாக எண்ணப்படுவதில்லை; திருமணம் வரையிலும், பல வீடுகளில் அதற்குப் பின்னரும், அதுவே இயல்பான ஏற்பாடாக இருந்து வருகிறது. மேலைநாட்டுப் பண ஆலோசனை நூல்கள் எடுத்த எடுப்பிலேயே சொல்லும் ‘தனியாக வீடு பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ கம்பளையிலோ வாழும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. வாடகையும், அதற்கு முன்னதாகக் கட்ட வேண்டிய பல மாத முற்பணமும் அதற்கு ஒரு காரணம். வயதான பெற்றோரை விட்டுப் போவதற்கு மனம் ஒப்பாமை இன்னொன்று. ஆயினும் இந்த ஏற்பாடு தரும் பாதுகாப்புக்குள்ளேயே ஒரு தனிவகை மனச்சுமையும் வளர்கிறது. வீட்டில் எவ்வளவு காசு இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது, யார் யாருக்குப் பிணை நின்றிருக்கிறார்கள் என்பது எவருக்கும் முழுமையாகத் தெரியாதிருக்க, அவற்றின் விளைவுகளை மட்டும் எல்லோரும் சேர்ந்தே சுமக்கிறார்கள்.

இலங்கை மருத்துவ வழக்கில் ‘பதகளிப்பு’ எனப்படுவது, வரப்போகும் ஒன்றைப் பற்றிய அச்சம் மனத்தோடு நில்லாமல் உடலையும் பற்றிக்கொள்ளும் நிலையாகும். பரீட்சைக்கு முன்னும் நேர்முகத் தேர்வுக்கு முன்னும் எவருக்கும் வருகின்ற பதகளிப்பு நோயல்ல. பல விடயங்களைப் பற்றிய அடக்க முடியாத கவலை பெரும்பாலான நாட்களில் தோன்றி, ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் உறவுகளையும் குலைக்கும்போதே மருத்துவம் அதனை ஒரு கோளாறாகக் கொள்கிறது. வீடுகளில் இது அந்தப் பெயரில் பேசப்படுவதில்லை. ‘நெஞ்சு படபடக்குது’ என்றும் ‘வயிறு சரியில்ல’ என்றும் சொல்லப்பட்டு, ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று வீட்டாராலேயே முடிவுகட்டப்பட்டு, மருந்துக்கடை மாத்திரையோடு மாதங்கள் கழிகின்றன.

கண்டிப் பகுதியில் பெற்றோர் வீடு என்பது ஒரே வகையானதன்று. நகரிலும் அதன் ஓரங்களிலும் ஓய்வூதியம் பெறும் ஆசிரியரோ எழுதுவினைஞரோ வைத்திருக்கும், காணி உறுதி உள்ள வீடுகள் இருக்கின்றன. அக்குறணை போன்ற வணிக ஊர்களில் கடைப் பெட்டியும் வீட்டுச் செலவும் ஒன்றாகவே ஓடும் குடும்பங்கள் உள்ளன. அங்கே தந்தையின் கடையில் வேலை செய்யும் மகனுக்குச் சம்பளம் என்று ஒரு தொகை குறிக்கப்பட்டிருப்பதே அரிது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை பக்கத்துத் தோட்டங்களிலோ நிலைமை முற்றிலும் வேறு. அங்கே லயத்துக் காம்பரா குடும்பத்தின் சொத்தன்று. குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்வதோடு பிணைந்தது. ஆகவே, கண்டி நகரத் துணிக்கடையில் நிற்கும் மகனின் மாதச் சம்பளம், நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் தாயின் வருமானத்தை மிஞ்சினாலும், இருவர் தலைக்கும் மேலுள்ள கூரை தாயின் வேலையிலேயே நிற்கிறது. உறுதி இல்லாத அந்த வீட்டை வங்கியில் ஈடு வைக்க முடியாது என்பதால், அவசரத்துக்குக் கடன் வேண்டுமென்றால் நகையும் பிணையாளிகளுமே வழியாகின்றன. வெளிநாட்டு உளவியலாளர் எழுதிய ‘பெற்றோரைச் சார்ந்திருக்கும் வளர்ந்த பிள்ளை’ என்ற சித்திரத்தில் இந்த மகனைப் பொருத்திப் பார்ப்பது வீண் வேலை. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதே இங்கு எளிதில் சொல்லக்கூடியதன்று.

இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் 2022 உலுக்கிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம், அதாவது ஓராண்டில் பொருள் விலைகள் ஏறிய வீதம், 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதே காலத்தில் வட்டி வீதங்களும் ஏறியதால், ஒரு கோணத்தில் பெற்றோர் தலைமுறை இலாபமடைந்ததாகவும் தோன்றியது. பத்து லட்சம் ரூபாவை 20 சதவீத வட்டியில் நிரந்தர வைப்பில் இட்டிருந்த ஓய்வுபெற்ற தந்தைக்கு மாதம் 16,600 ரூபாவுக்கு மேல் கிடைத்தது. 2024இல் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி 8 சதவீதம் ஆனபோது அதே பத்து லட்சம் தந்தது மாதம் 6,700 ரூபாவுக்கும் குறைவு. விலைகள் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. குறைந்த பத்தாயிரம் ரூபாவைப் பற்றித் தந்தை வீட்டில் வாய்திறப்பதில்லை. அவர் பத்திரிகை வாங்குவதை நிறுத்துவார், மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பார். மகள் அதைக் கவனித்துக் காரணம் கேட்காமல் தன் சம்பளத்திலிருந்து சாமான் வாங்கி வைப்பாள். இருவரும் இரவில் தூங்குவதில்லை.

பணக்கவலை சிந்தனைத் திறனையே குறைக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் சாவோ ஆகியோர் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம், கையில் காசு வற்றியிருக்கும் அறுவடைக்கு முந்திய காலத்திலும் காசு புழங்கும் அறுவடைக்குப் பிந்திய காலத்திலும் அறிவுத்திறன் சோதனைகளை நடத்தி, 2013இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டனர். அதே மனிதர்கள் அறுவடைக்கு முன்னர் குறைவான புள்ளிகளையே பெற்றனர். ஓர் ஆய்வைக் கொண்டு எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாதெனினும், நெருக்கடியின் உச்சத்தில் எடுக்கப்படும் முடிவை எடுப்பவர் தம் முழு அறிவோடு எடுப்பதில்லை என்ற அதன் செய்தி கடன் வாங்கிப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

ஆகவே கவலைப்படும் நேரத்தையும் முடிவெடுக்கும் நேரத்தையும் பிரித்து வைப்பதே முதல் வேலை. கவலையை அடக்க முயல்வதற்குப் பதிலாக நாளில் அரை மணி நேரத்தை அதற்கென ஒதுக்கி, மற்ற வேளைகளில் எழும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கும் பயிற்சியை அமெரிக்க உளவியலாளர் தோமஸ் போர்கோவெக் 1980களில் ஆராய்ந்தார். இன்றும் சிகிச்சையில் அது பயன்படுகிறது. தனியறை இல்லாத வீட்டில் இந்த அரை மணியை எங்கே தேடுவது என்பது நியாயமான கேள்விதான். கண்டி நகர வாகன நெரிசலில் பேருந்துக்குள் கழியும் மாலை நேரம் இதற்காவது உதவட்டும். பதகளிப்பை வளர்ப்பதில் தவிர்த்தலுக்கும் பெரும் பங்கு உண்டு: வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வைப்பவருக்கு அன்றைய மாலை அமைதியாகக் கழியும், கடிதத்தைப் பற்றிய அச்சம் மறுநாள் கூடியிருக்கும். பயிற்சிகளுக்கு அடங்காத பதகளிப்புக்குச் சிகிச்சை உண்டு. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இலவசமாக இயங்குகின்றன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் பணிபுரிகிறார்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

குடும்பப் பாசத்தின் பெயரால் அதிகம் கேட்கப்படுவதும் குறைவாக வாசிக்கப்படுவதும் பிணைக் கையெழுத்தாகும். தம்பியின் முச்சக்கரவண்டி லீசிங்குக்கு அக்கா, மகனின் வெளிநாட்டுப் பயணக் கடனுக்குத் தந்தை, மாமாவின் கடைக்கடனுக்கு மருமகன் என்று ஒரே வீட்டில் மூன்று நான்கு பிணைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பது வழமை. இலங்கையில் வழங்கும் ரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது: கடன் பெற்றவரிடம் முதலில் அறவிட்டு, போதாததை மட்டுமே தன்னிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் உரிமை ஒன்று, பிணையாளிகள் பலராயின் தன் பங்கை மாத்திரம் செலுத்தும் உரிமை மற்றொன்று. வங்கிகளினதும் நிதி நிறுவனங்களினதும் பிணை முறிகளில் இவ்விரண்டையும் துறப்பதாக ஒரு வாசகம் வழமையாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அதில் கையெழுத்திட்டவரிடம், கடன் பெற்றவரைத் தொடாமலேயே முழுத் தொகையையும் கேட்கலாம். மேலும், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் தகவல் பணியகத்தின், மக்கள் வாயில் ‘கிரிப்’பின், பதிவில் பிணையாளியின் பொறுப்பும் ஏறுவதால், தன் வீட்டுக்காகப் பின்னர் கடன் கேட்கும் அக்காவுக்குத் தம்பியின் தவறிய தவணைகள் குறுக்கே நிற்கும். வீட்டை ஈடு வைத்த கடனாயின் அபாயம் இன்னும் நேரடியானது. அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், பேச்சுவழக்கில் ‘பராட்டே’, நீதிமன்றத்துக்கு முதலில் போகாமலேயே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிக்கு வழிவிடுகிறது. பிணை நிற்பதே பிழை என்று கூறுவது இந்தச் சமூகத்தில் நடக்காத காரியம். தேவைப்பட்டால் முழுக் கடனையும் தானே கட்டக்கூடியவர் மட்டும் கையெழுத்திடலாம் என்பதே தக்க அளவுகோல்.

நகை அடகு இதைவிட மென்மையானது, ஏனெனில் இழப்புக்கு எல்லை உண்டு. நகையின் தூய்மையைப் பரிசோதித்து நிறுத்து, ஒரு பவுணுக்கு, அதாவது 8 கிராமுக்கு, இவ்வளவு என்று முற்பணம் கொடுக்கப்படுகிறது. தவணைக்குள் வட்டியோடு மீட்கப்படாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். அதிகூடிய தொகையை வாங்க வேண்டும் என்ற ஆசையே இங்கு வீழ்த்துவது. வங்கி 90,000 தரத் தயாராக இருந்தாலும் தேவை 40,000 என்றால் 40,000 மட்டும் பெறுபவரின் நகை பெரும்பாலும் வீடு திரும்புகிறது. அடகுச் சீட்டு அம்மாவின் கைப்பையில் ஒளிந்திருக்கும் வீடுகளில், மீட்பதற்கான திகதி அம்மாவுக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது.

காணி உறுதியை எழுதிவைக்கும் விடயத்தில் கண்டிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கண்டியச் சிங்களவருக்கு மட்டும் உரிய கண்டியச் சட்டத்தின்படி, 1938ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் குறிக்கும் சில விதிவிலக்குகள் தவிர, நன்கொடை உறுதியைக் கொடுத்தவர் தம் வாழ்நாளில் இரத்துச் செய்யலாம். அயல்வீட்டுச் சிங்களத் தந்தை அப்படிச் செய்ததைப் பார்த்த தமிழ்த் தந்தை தமக்கும் அது இயலும் என்று எண்ணிவிடுகிறார். பொதுச் சட்டத்தின் கீழ் வரும் அவர் கொடுத்து, பிள்ளை ஏற்றுக்கொண்ட நன்கொடையைத் திரும்பப் பெறுவது நீதிமன்றம் ஏறி நன்றிகேட்டை நிறுவ வேண்டிய கடினமான வேலை. ஆகவே, எழுதுவதாயின் பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை, அதாவது வாழும்வரை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கிக்கொண்டு எழுதுவதே பாதுகாப்பானது. இதைக் கேட்பதால் பிள்ளை மீது நம்பிக்கை இல்லை என்று பொருளாகாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டமே பெற்றோரைக் கைவிடக் கூடாதெனப் பிள்ளைகளுக்கு விதிக்கிறது.

குறைந்த வட்டியில் மனம் தளர்ந்த தந்தையும் குறைந்த சம்பளத்தில் சலித்த மகனும் ஒருசேர விழும் குழி, ஆள் சேர்த்தால் காசு பெருகும் என்னும் பிரமிட் திட்டங்கள். வங்கித்தொழில் சட்டம் அவற்றைத் தடை செய்கிறது. உறவினர் ஒருவர் ‘எனக்குக் காசு வந்தது’ என்று காட்டுவது, பின்னால் சேர்ந்தவரின் காசு அவரிடம் வந்ததற்கான சான்று மட்டுமே. இதற்கு மாறாக, உரிமம் பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ உள்ள வைப்புக்கு ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. இளையவர் முதலில் பார்க்க வேண்டியது தம் சம்பளப் பட்டியலை: ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் கட்ட வேண்டும். 60,000 ரூபாச் சம்பளத்துக்கு அது மாதம் 13,800 ரூபா. கடை வேலைகளில் இது கட்டப்படாமல் போவது உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது எந்த முதலீட்டையும்விட இலாபமானது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் தடை, வீட்டில் கணக்குக் கேட்பதே. வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று மகன் கேட்டவுடன் தந்தைக்கு அது தம் இயலாமையைச் சுட்டும் கேள்வியாகப் படுகிறது; ‘இப்ப எதுக்கு மகன் இந்தக் கணக்கு, நான் இருக்கேன்தானே’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு முன் தன் கணக்கைச் சொல்பவருக்கு இந்தக் கதவு ஓரளவு திறக்கும். ‘அப்பா, என் சம்பளம் இவ்வளவு, லீசிங்குக்கு இவ்வளவு போகுது, வீட்டுக்கு மாசம் இவ்வளவு தாறேன்’ என்று தொகையைக் குறிப்பிட்டுச் சொல்வது, ‘தேவைன்னா கேளுங்க’ என்பதைவிட இரு தரப்புக்கும் நிம்மதி தருகிறது. கேட்டுப் பெறும் பெற்றோரின் கூச்சமும் எப்போது கேட்பார்களோ என்னும் பிள்ளையின் பதகளிப்பும் அதனால் குறைகின்றன. சண்டையின் நடுவிலோ இரவு பத்து மணிக்கோ இதைத் தொடங்கலாகாது. சம்பளம் வந்த வார இறுதியில், பகலில், ஒரு தாளில் வரவுகளையும், சீட்டு, அடகு, லீசிங் தவணைகளையும், வைப்புகளுக்குப் பின்னுரித்தாளராகப் பெயரிடப்பட்டவர் யார் என்பதையும் எழுதி, வீட்டார் அனைவரும் அறிந்த இடத்தில் வைக்கலாம். இந்த மாதமே அதைத் தொடங்குங்கள். முதல் வரியில் பிணைக் கையெழுத்துகளை எழுதுங்கள், வீட்டில் எவரும் நினைவில் வைத்திராதவை அவைதாம்.